'டாங்க' என்ற சொல்லும் பாதி காலியான முறுக்கு டப்பாவும்

கோயம்புத்தூரில் உள்ள பள்ளி ஒன்றில் 8, 9 ஆம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் கற்பித்து வரும் நான், மாணவர் பரிமாற்ற ஏற்பாட்டின்படி இதுவரை மூன்று முறை பிள்ளைகளை ஜெர்மனிக்கு அழைத்துச் சென்றிருக்கிறேன். மூன்று முறையும் தங்கியது நாட்டின் தென்மேற்கு மூலையில், கருங்காட்டை ஒட்டியுள்ள ஃப்ரைபுர்க் நகரத்தில். பிள்ளைகள் இரண்டு வாரங்களும் அங்குள்ள மாணவர்களின் வீடுகளில், அந்தக் குடும்பங்களில் ஒருவராகவே இருப்பார்கள்.

முதல் பயணத்துக்கு முன்பு நான் கவலைப்பட்டதெல்லாம் தாள்களைப் பற்றித்தான். ஷெங்கன் விசாவுக்குத் தாய், தந்தை இருவரின் சம்மதக் கடிதம், குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு, கடவுச்சீட்டு நகல்கள் என்று எல்லாவற்றையும் இரண்டு கோப்புகளில் அடுக்கி வைத்திருந்தேன். அந்தக் கோப்புகளை விமான நிலையத்துக்குப் பிறகு நான் அதிகம் திறக்கவில்லை. உண்மையில் எங்களைத் தடுமாற வைத்தவை, நல்ல பழக்கம் என்று வீட்டிலும் வகுப்பிலும் நாமே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த சில சின்ன விஷயங்கள்.

நான்காம் நாள் காலையில் டிராம் நிறுத்தத்தில் ஒரு மாணவி பையைத் திறந்து எதையோ அவசரமாக மென்றுகொண்டிருப்பதைப் பார்த்தேன். அருகில் போனபோது எவர்சில்வர் டப்பா ஒன்றைக் கையால் மறைத்தாள். விருந்தளிக்கும் குடும்பத்துக்கு அன்பளிப்பாகக் கொடுக்கச் சொல்லி அவளுடைய அம்மா சுட்டு அனுப்பிய முறுக்கு அது. டப்பா பாதி காலியாகியிருந்தது. "அங்கே சாப்பாடு தருவதில்லையா?" என்று கேட்டேன். "தர்றாங்க மிஸ், நான் வேண்டாம்னு சொல்லிடறேன்," என்றாள். ஏன் என்று கேட்டதற்கு அவள் சொன்ன விடை எந்தத் தமிழ் வீட்டுக்கும் புரியும்: "முதல் தடவையே வாங்கினா நல்லாவா இருக்கும்? மறுபடி கேட்பாங்கன்னு நினைச்சேன். கேட்கவே இல்லை."

அன்று மாலை அந்த வீட்டுக்குப் போனேன். வீட்டுக்காரம்மா என்னை விடக் கலங்கிப்போயிருந்தார். இரவு உணவாக ரொட்டி, பாலாடைக்கட்டி, வெள்ளரிக்காய் என்று மேசையில் வைக்கும்போதெல்லாம் பிள்ளை தலையை இருபுறமும் அசைத்து 'டாங்க' என்று சொல்லிவிடுகிறாள், தன் சமையலறை அவளுக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று வருந்தினார். எனக்குச் சுருக்கென்றது. அந்த ஊரில் ஒன்றை நீட்டும்போது வெறுமனே 'டாங்க' என்றால் 'நன்றி, எனக்கு வேண்டாம்' என்பதுதான் வழக்கமான பொருள். வேண்டுமென்றால் 'பிட்டெ' என்றோ 'யா, கெர்ன' என்றோ சொல்ல வேண்டும். 'டாங்க என்றால் நன்றி, எந்த இடத்திலும் தாராளமாகச் சொல்லுங்கள்' என்று புறப்படுவதற்கு முந்தைய வாரம் கரும்பலகையில் எழுதிப் போட்டவளே நான்தான். போதாக்குறைக்கு, நாம் சம்மதத்துக்கு அசைக்கும் தலையசைப்பு அங்கே மறுப்பாகத் தெரிந்திருக்கிறது. சொல்லும் தலையும் சேர்ந்து அவளை மூன்று இரவுகள் அரைவயிற்றோடு படுக்க வைத்துவிட்டன. இவ்வளவுக்கும் நாள்தோறும் அவளுடைய அம்மா தொலைபேசியில் கேட்கும் முதல் கேள்வி 'சாப்பிட்டியா?' என்பதுதான், அவளும் தவறாமல் 'சாப்பிட்டேம்மா' என்று சொல்லியிருக்கிறாள்.

அதன் பிறகு இரண்டு மாற்றங்கள் செய்தேன். வாட்ஸ்அப் குழுவில் 'எல்லோரும் நலமா?' என்று கேட்பதை நிறுத்தினேன். மற்ற பதினொரு பேர் பார்க்க யாரும் 'பசிக்கிறது' என்று எழுதப் போவதில்லை. அதற்குப் பதிலாக நாளொன்றுக்கு மூன்று பேர் வீதம், ஒவ்வொருவரோடும் தனித்தனியாகப் பத்து நிமிடம் நடந்தேன். நேற்று இரவு என்ன சாப்பிட்டாய், எத்தனை மணிக்குத் தூங்கினாய், குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா என்று நேரடியாகக் கேட்டால்தான் நேரடியான விடை கிடைக்கிறது. வீடு ஒத்துவரவில்லை என்றால் யார் மீதும் பழி சொல்லாமல் மாற்றிக்கொள்ளலாம் என்பதை இரு பள்ளிகளும் முன்கூட்டியே பேசி, பிள்ளைகளிடமும் சொல்லிவிட வேண்டும். பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: கோடையில் அந்த நாடு நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. நீங்கள் காலை ஐந்தரைக்குக் காபியோடு அழைக்கும்போது அங்கே இரவு இரண்டு மணி. உங்கள் பிள்ளையோடு சேர்ந்து அந்த வீடே விழித்துக்கொள்கிறது.

வகுப்பறையிலும் இதே கதைதான். ஆசிரியர் கேட்டால் மட்டும் பேச வேண்டும் என்று பழகிய நம் பிள்ளைகள் கைகட்டி அமைதியாக உட்கார்ந்திருந்தார்கள். அங்கே வகுப்பில் வாய்திறந்து பங்கெடுப்பதற்கே மதிப்பெண்ணில் கணிசமான பங்கு உண்டு என்பதால், அந்த அமைதியை ஆசிரியர் ஒருவர் ஆர்வமின்மை என்றே எடுத்துக்கொண்டார். மதிப்பெண்ணே இன்னொரு வேடிக்கை. கணக்கில் 1 வாங்கிய பையனுக்கு நம் மாணவர்கள் கூடிநின்று ஆறுதல் சொன்னார்கள். அங்கே 1 தான் முதல்தரம், 6 தான் கடைசி.

பாட்டில் விவகாரத்தையும் சொல்லியாக வேண்டும். பயன்படுத்திய பின் நசுக்கிவிடவும் என்று நம் ஊர்த் தண்ணீர் பாட்டில்களில் அச்சிட்டிருப்பதைப் படித்து வளர்ந்த மாணவன் ஒருவன், குடித்த பாட்டில்களையெல்லாம் பொறுப்பாக முறுக்கி நசுக்கி வைத்திருந்தான். ஜெர்மனியில் ஒருமுறை மட்டும் பயன்படும் பாட்டில், டின் போன்றவற்றுக்கு 2003 முதல் கட்டாய வைப்புத்தொகை உண்டு. இப்போது ஒன்றுக்கு 25 சென்ட். கடையில் உள்ள இயந்திரத்துக்குள் காலி பாட்டிலைப் போட்டால் அது குறியீட்டைப் படித்துப் பணத்துக்கான சீட்டைத் தரும். நசுங்கிய பாட்டிலை இயந்திரம் திரும்பத் திரும்ப வெளியே தள்ளியது. பின்னால் வரிசை நீண்டது. நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் பத்து ரூபாய் தருவதை உவமையாகச் சொல்லலாமா என்று நான் தயங்கிக்கொண்டிருக்கையில், அவனே அதைச் சத்தமாகச் சொல்லிவிட்டான்.

யாருக்கும் தொந்தரவு தரக் கூடாது என்ற பாடம்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. ஏரியில் நீந்திய பிறகு காதுவலியால் துடித்த ஒரு பையன் இரண்டு நாள் பொறுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைதான் சொன்னான். அன்று பெரும்பாலான கடைகளைப் போல மருந்தகங்களும் மூடியிருக்கும். சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் எந்த நாளிலும் கிடைக்காது. அவசரமில்லாத நோய்களுக்கு விடுமுறை நாளில் மருத்துவர் உதவி பெற 116117 என்ற எண்ணும், உயிருக்கு ஆபத்து என்றால் 112 உம் பிள்ளைகளின் தொலைபேசியில் புறப்படும் முன்பே இருக்க வேண்டும். அன்றைய முறையில் எந்த மருந்தகம் திறந்திருக்கிறது என்பதை ஒவ்வொரு மருந்தகத்தின் கதவிலும் ஒட்டியிருப்பார்கள். வழக்கமாக உட்கொள்ளும் மாத்திரைகள் இருந்தால் அட்டையிலிருந்து வெட்டியெடுக்காமல், மருத்துவரின் ஆங்கிலக் கடிதத்தோடு கொடுத்தனுப்புங்கள்.

இப்போது ஒவ்வொரு பயணத்துக்கு முன்பும் வகுப்பில் ஒரு தட்டு பிஸ்கட்டை வைத்துக்கொண்டு ஒத்திகை பார்க்கிறோம். நான் நீட்டுவேன்; ஒரே ஒரு முறைதான் நீட்டுவேன். எடுக்க வேண்டும், அல்லது வேண்டாமென்று மனமறிந்து சொல்ல வேண்டும். முதல் நாள் தட்டு அப்படியே திரும்பி வரும். மூன்றாம் நாள் எனக்கு ஒன்றும் மிஞ்சாது.

பரிமாற்றம் என்பதால் அவர்களும் இங்கே வருகிறார்கள். அப்படி வந்த ஜெர்மன் மாணவன் ஒருவன் எங்கள் மாணவனின் வீட்டில் மூன்றாவது தோசையோடு, கற்றுக்கொடுத்தபடி தெளிவாகப் 'போதும்' என்றான். பாட்டி நான்காவதை வைத்தார். மறுபடியும் 'போதும்' என்றான், ஐந்தாவது வந்தது. வைத்ததை மிச்சம் விடுவது அவன் வீட்டில் மரியாதைக் குறைவு, ஆகவே சாப்பிட்டான். மறுநாள் பள்ளிக்கு வரவில்லை. நலம் விசாரிக்கப் போனபோது கட்டிலில் படுத்தபடியே, 'போதும்' என்பதற்கு உண்மையான பொருள் என்ன என்று என்னிடம் கேட்டான். இலையை மடித்தால் நிறுத்திவிடுவார்கள் என்று சொல்லிக்கொடுத்தேன். அந்த வீட்டில் நாள்தோறும் எவர்சில்வர் தட்டில்தான் சாப்பாடு என்பது வெளியே வந்து செருப்பை மாட்டும்போதுதான் நினைவுக்கு வந்தது.