நீர்முனை அல்ல, கரை

"புத்துயிர் பெறும் கால்வாய் நீர்முனை." இந்த வாரத்தில் மூன்றாவது முறையாக இந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டேன். ஆங்கிலத்தின் 'வாட்டர்ஃபிரண்ட்'டைத்தான் இப்படி மொழிபெயர்க்கிறார்கள். நீர்முனை என்றதும் எனக்குக் குமரிமுனைதான் நினைவுக்கு வருகிறது: நிலம் கூர்ந்து கடலுக்குள் நீளும் இடம். கோடு போட்டது மாதிரி ஓடும் கால்வாய்க்கு முனை ஏது?

வாட்டர்ஃபிரண்டில் உள்ள 'ஃபிரண்ட்', நெற்றி என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஊரில் நீரைப் பார்த்திருக்கும் பகுதி, அவ்வளவுதான். கால்வாயில் வரும் 'கால்' நீரோடும் வழி. வாய்க்காலிலும் அதே இரண்டு சொற்கள்தான், இடம் மாறி நிற்கின்றன.

முனை வேண்டாம் என்றால் 'நீர்முகப்பு' என்கிறார்கள். வீட்டு முகப்பு வீட்டினுடையது, கடை முகப்பு கடையினுடையது. அப்படியானால் நீர்முகப்பு நீருடையதா? முகம் இருப்பது நிலத்துக்கு. அதுவும் ஆலைகள் ஓடிய நாளில் பல ஊர்களில் கால்வாய்ப் பக்கம் கொல்லைப்புறமாகத்தான் கிடந்தது. கொல்லையை வாசலாக்கிய கதையைத்தான் இப்போது சீரமைப்பு என்கிறோம்.

கனடாவின் மாண்ட்ரியல் நகரில் இருக்கும் லஷீன் கால்வாயைப் பாருங்கள். 1825இல் திறந்தார்கள். 1959இல் செயின்ட் லாரன்ஸ் ஆற்றில் பெரிய கப்பல்களுக்கான செயின்ட் லாரன்ஸ் பெருவழி வந்ததும் கப்பல்கள் அந்தப் பக்கம் போய்விட்டன. 1970இல் கால்வாயை மூடினார்கள். 2002இல் உல்லாசப் படகுகளுக்காக மறுபடி திறந்தார்கள். கால்வாயோரம் இருந்த ரெட்பாத் சர்க்கரை ஆலை இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு. பக்கத்திலேயே மிதிவண்டிப் பாதை. அதில் போகிறவர் எங்கே போகிறார்? கரையில். ஆற்றங்கரை, குளத்தங்கரை மாதிரி கால்வாய்க்கரை. இதற்கு ஏன் புதுச்சொல்?

கரை என்றால் வெறும் மண்மேடு, கட்டடங்கள் அதில் அடங்காது என்று ஒரு நண்பர் வாதாடினார். காவிரிக்கரை ஊர்கள் என்கிறோமே, அவை என்ன மண்மேட்டிலா தொங்குகின்றன? படகு கட்டும் இடத்தைத் தனியாகச் சொல்ல வேண்டுமானால் படகுத்துறை இருக்கிறது. துறை என்றாலே அரசு அலுவலகம் என்று நினைக்கப் பழகிவிட்டோம், அது வேறு சோகம்.

அகராதியில் முதலில் கிடைத்த பொருளை எடுத்து ஒட்டுவதுதான் மொழிபெயர்ப்பு என்றாகிவிட்டது. இரண்டு கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தி, நீரை நிரப்பியோ வடித்தோ அடுத்த மட்டத்துக்கு அனுப்பும் அமைப்பு லஷீனில் ஐந்து இடங்களில் உண்டு. ஆங்கிலத்தில் அதற்கு 'லாக்' என்று பெயர். நான் பார்த்த அந்தத் தலைப்புக்குக் கீழே இருந்த கட்டுரையில் அதற்கு 'ஐந்து பூட்டுகள்' என்று போட்டிருந்தது. சாவி யாரிடம் என்று மட்டும் எழுதவில்லை.