சமூகக் காப்பீடு: சொல் விளக்கம்

காரைக்குடிப் பக்கம் வேலைக்குச் சேருகிறவர்கள் சம்பளம் பேசி முடித்ததும் கேட்பது, “பிஎஃப், இஎஸ்ஐ பிடிப்பீங்களா?” என்றுதான். பிஎஃப் என்பது வருங்கால வைப்பு நிதி, இஎஸ்ஐ என்பது தொழிலாளர் அரசுக் காப்பீடு. ‘சமூகக் காப்பீடு’ என்று யாரும் சொல்வதில்லை. ‘பிடித்தம்’ என்றாலே புரிந்துவிடும். பெயர்தான் பிடித்தம், பலருக்கு அது பிடிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

தொழிலாளியும் முதலாளியும் சட்டப்படி சந்தா கட்டுவது. நோய், விபத்து, பேறுகாலம், முதுமை என்று வரும்போது உரிமையோடு வாங்கிக்கொள்வது. இதுதான் சமூகக் காப்பீடு. அப்பத்தா மாதாமாதம் வாங்கும் முதியோர் உதவித்தொகை இதில் சேராது. அதற்கு அவர் சந்தா கட்டவில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் பிரீமியம் கட்டுவது அரசுதான்.

1883-இல் ஜெர்மனியில் அன்றைய தலைமை அமைச்சர் பிஸ்மார்க் கொண்டுவந்த நோய்க் காப்பீட்டிலிருந்து இந்த ஏற்பாடு தொடங்குகிறது. நம் இஎஸ்ஐ சட்டம் 1948-இல் வந்தது. இன்று 16,000 ரூபாய் சம்பளக்காரருக்கு 120 ரூபாய் பிடிப்பார்கள். முதலாளி தன் பங்காக 520 ரூபாய் கட்டுவார். உடம்பு முடியாமல் படுத்தால், தகுதி இருக்கிறவருக்கு வருஷத்தில் 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும்.

சரி, சொல்லுக்கு வருவோம். இன்சூரன்ஸ் என்பதன் வேர் லத்தீன் ‘செக்யூரஸ்’. ‘செ’ என்றால் இல்லாமல், ‘கூரா’ என்றால் கவலை. ஆக, கவலையற்றது. தமிழில் காப்பு + ஈடு. மதிப்பீடு, முறையீடு போல இந்த ‘ஈடு’ம் ‘இடு’ என்ற வினையிலிருந்து பிறந்ததுதான். ஆனால் வட்டிக்கடை பார்த்து வளர்ந்த செட்டிநாட்டுக் காதில் விழுவது நகை ஈடும் நஷ்ட ஈடும். ஈடு என்றால் ஏதாவது திரும்பக் கைக்கு வர வேண்டுமே! அதனால்தான், “ஆஸ்பத்திரிப் பக்கமே போகலை, கட்டின காசு தண்டம்” என்ற புலம்பல்.

தண்டமா? அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2008-இல் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீட்டுக்குக் குலுக்கல் போட்டு ஆள் எடுத்தார்கள். அது சந்தாத் திட்டம் இல்லைதான். ஆனால் சுமார் இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோது ரத்த அழுத்தத்திலும் கொழுப்பிலும் சொல்லிக்கொள்ளும்படி மாற்றமில்லை. மனச்சோர்வும் மருத்துவச் செலவுக்குக் கடன்படுவதும் குறைந்திருந்தன. உடம்பு தேறுவதற்கு முன்பே மனம் தேறியிருக்கிறது. ‘செக்யூரஸ்’ சொல்வதும் அதைத்தானே.

இலங்கையிலும் மலேசியாவிலும் இதையே ‘காப்புறுதி’ என்கிறார்கள். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன நம்மவர்கள் திரும்பி வரும்போது இந்தச் சொல்லையும் கொண்டுவந்திருக்கலாம்! பொருளுக்கு அதுதான் நெருக்கம் என்பது என் கட்சி. என்றாலும் இங்கே காப்பீடு ஊன்றிவிட்டது, அப்படியே எழுதுங்கள். ‘சமூகப் பாதுகாப்பு’ என்று மட்டும் மாற்றி எழுத வேண்டாம். அது உதவித்தொகையையும் சேர்த்துக்கொள்ளும் பெரிய குடை. இஎஸ்ஐ பொதுவாக 10 பேராவது வேலை பார்க்கும் இடத்துக்குத்தான். ஆத்தங்குடியில் நாலைந்து பேர் தரைக்கல் வார்க்கும் பட்டறைக்கு அந்தக் குடையில்தான் இடம் தேட வேண்டும்.