வேலை தேடும் மாணவர்கள் யாரிடம், எப்படிக் கேட்க வேண்டும்?

ஆள்சேர்ப்புப் பணியில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். இறுதியாண்டு மாணவர்களிடம் வேலைக்காக இதுவரை என்ன முயற்சி எடுத்தீர்கள் என்று கேட்டால், எத்தனை நிறுவனங்களுக்கு விண்ணப்பித்தோம் என்ற எண்ணிக்கையைத்தான் பெரும்பாலோர் சொல்கிறார்கள். யாரிடமெல்லாம் பேசினீர்கள் என்று கேட்டாலோ, பெற்றோரும் நெருங்கிய நண்பர்களும் என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது.

அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே நினைவுகூரத்தக்கது. தெரிந்தவர்கள் வழியாகப் புதிய வேலைக்குச் சென்றவர்களிடம், தகவல் தந்தவரை அக்காலத்தில் எவ்வளவு அடிக்கடி சந்தித்தீர்கள் என்று அவர் கேட்டார். வாரம் இருமுறையாவது சந்தித்ததாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 17 விழுக்காடுதான். எஞ்சியோருக்கு உதவியவர்கள் எப்போதாவது மட்டுமே கண்டு பேசும் மனிதர்கள். காரணம் எளிது: உங்களுடன் ஒரே வகுப்பில் அமர்ந்திருக்கும் நண்பருக்கு, உங்களுக்குத் தெரிந்த செய்திகள்தாம் தெரிந்திருக்கும், ஈராண்டுக்கு முன் படிப்பை முடித்துச் சென்ற, முகம் மட்டும் பழகிய சீனியரோ வேறொரு வட்டத்தில் இருக்கிறார்.

அவரிடம் கேட்பது சிபாரிசு தேடுவதாகிவிடாதா என்று பல மாணவர்கள் தயங்குகிறார்கள். தகுதியில்லாத இடத்தைக் கேட்டுப் பெறுவதுதான் சிபாரிசு. ஒரு வேலையின் தன்மையைக் கேட்டு அறிவதில் கூச்சப்பட எதுவும் இல்லை.

ஆனால் கேட்கும் முறையில் கவனம் தேவை. "அண்ணா, உங்க கம்பெனியில் வேலை இருந்தா சொல்லுங்க" என்று வரும் செய்திக்கு நல்ல மனம் உள்ளவரால்கூடப் பதில் எழுத முடிவதில்லை. எந்த வேலை, எந்தத் தகுதிக்கு என்பதே அதில் இல்லை. மாறாக ஒரு மாணவி தன் சீனியருக்கு எழுதிய செய்தியை ஒருமுறை என்னிடம் காட்டினார். தான் யார், எந்தத் துறை என்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டு, "தரவுப் பகுப்பாய்வில் ஒரு புராஜெக்ட் செய்திருக்கிறேன். உங்கள் குழுவில் புதிதாகச் சேர்பவர்கள் முதல் ஆறு மாதத்தில் என்ன வேலை செய்வார்கள் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன், பத்து நிமிடம் பேச முடியுமா?" என்று முடித்திருந்தார். அன்று மாலையே அழைப்பு வந்தது. அந்த உரையாடலில் தெரிந்துகொண்டதை வைத்துத்தான் அவர் தன் ரெஸ்யூமேயைத் திருத்தினார். "கடின உழைப்பாளி" என்றிருந்த வரியை நீக்கிவிட்டு, அந்த புராஜெக்டில் தான் செய்த பகுதி எது என்பதைத் தெளிவாக எழுதினார். நேர்காணலில் நாங்கள் முதலில் கேட்பதும் அதைத்தான்.

உதவியவருக்கு நன்றி சொல்வதோடு, முடிவு எதுவானாலும் அதையும் தெரிவியுங்கள். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

அதிகம் பழகாதவர்களிடமும் இப்படிக் கேட்டறியும் வழக்கம் ஏமாறாமலும் காக்கும். மற்றொரு மாணவருக்கு ஒரு நிறுவனத்தின் பெயரில் பணி நியமனக் கடிதம் மின்னஞ்சலில் வந்தது. முன்வைப்புத் தொகை கட்டினால்தான் பணியில் சேரலாம் என்று அதில் இருந்தது. வேலை தருபவர் பணம் கேட்டால் அது மோசடி என்றே கொள்ள வேண்டும். ஆயினும் வீட்டில் எல்லோரும் மகிழ்ச்சியில் இருந்தார்கள், கட்டிவிடலாம் என்றே முடிவு செய்திருந்தார்கள். அதற்கு முன், அதே நிறுவனத்தில் பணிபுரியும், இரண்டு முறை மட்டுமே பேசியிருந்த ஒரு சீனியருக்கு அவர் அக்கடிதத்தை அனுப்பினார். அனுப்பியவரின் மின்னஞ்சல் முகவரி தங்கள் நிறுவனத்துடையது அல்ல என்று அரை மணி நேரத்தில் பதில் வந்தது.