ஒரே பெருங்காயம், இரண்டு வயிறு

கோதுமை மாவைச் சப்பாத்திக்குப் பிசைவதுபோலப் பிசைந்து அரை மணி நேரம் ஊறவிடுங்கள். அப்புறம் அந்த உருண்டையைக் குழாய்த் தண்ணீருக்கு அடியில் பிடித்துக் கசக்குங்கள். முதலில் பால்போல வெள்ளையாக ஓடும். அது மாவுச்சத்து. பத்து நிமிடம் விடாமல் கசக்கினால் தண்ணீர் தெளிந்துவிடும். கையில் மிஞ்சுவது மென்று துப்பிய சூயிங்கம் மாதிரி சாம்பல் நிறச் சவ்வு. இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். அதுதான் குளூட்டன். பரோட்டா மாஸ்டர் வீசும்போது மாவு கிழியாமல் துணிபோல விரிவதும், தணலில் புல்கா பந்தாக உப்புவதும் இதன் புண்ணியம். அரிசியில் இது கிடையாது. அதனால்தான் இடியாப்ப மாவை எத்தனை நேரம் பிசைந்தாலும் இழுபடாது.

திருநெல்வேலியில் வளர்ந்தவனுக்குக் கோதுமை எப்போதாவது வந்துபோகும் விருந்தாளி. தீபாவளிக்கு அல்வா, ஞாயிறு ராத்திரி சால்னாவோடு பரோட்டா, காய்ச்சல் வந்தால் ரவைக் கஞ்சி. வேலைக்காக டெல்லி வந்து ஆர்.கே. புரத்தில் குடியேறிய பிறகு விருந்தாளி வீட்டோடு தங்கிவிட்டது. காலையில் பராத்தா, மதியம் கேன்டீன் ரொட்டி, இரவு சப்பாத்தி. யமுனைக்கு அந்தப் பக்கம் மயூர் விஹாரில் அக்கா வீட்டிலும் இதே கதைதான்.

2016இல் வெளியான ஓர் ஆய்வில் இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்குப் பகுதிகளில் 23,000க்கும் மேற்பட்ட பெரியவர்களைப் பரிசோதித்தார்கள். குளூட்டனால் குடல் சேதமாகும் சீலியாக் நோய் வடக்கில் 1,000க்கு 8.53 பேரிடம் இருந்தது. தெற்கில் சுமார் 10,000க்கு ஒருவரிடம். நம் ஆட்களுக்கு அந்த மரபணு இல்லை போலிருக்கிறது என்றுதான் முதலில் தோன்றும். அதுதான் இல்லை. நோய்க்கு வழிவிடும் மரபணு வகைகள் வடக்கில் 38 சதவீதம் பேரிடம், தெற்கில் 36 சதவீதம் பேரிடம். மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் தட்டில் இருந்தது. ஒரு நாள் கோதுமை வடக்கில் சராசரியாக 455 கிராம், தெற்கில் 25 கிராம். டெல்லிக்கு ரயிலேறினால் நோயும் கூட ஏறிவிடும் என்பதல்ல இதன் பொருள். அந்த மரபணு உள்ளவர்களிலும் சிலருக்குத்தான் வருகிறது. ஆனால் 'இது வடக்கத்தியர் நோய், நமக்கு வராது' என்று அக்காவும் நானும் இருந்தோமே, அதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

அக்கா மகளுக்கு வயிற்றில் எந்தத் தொந்தரவும் தெரியவில்லை. பதினான்கு வயதில் வகுப்பிலேயே குள்ளம், எந்நேரமும் அசதி, எத்தனை இரும்புச்சத்து மாத்திரை விழுங்கினாலும் ஹீமோகுளோபின் 8ஐத் தாண்டாது. முருங்கைக்கீரையும் பேரீச்சம்பழமும் கொடுத்துக் கொடுத்து அக்கா ஓய்ந்துவிட்டாள்.

சிறுகுடலின் உள்பக்கம் நல்ல கெட்டியான துவாலை மாதிரி இருக்கும். அந்தத் துவாலையின் இழைகள்தான் பள்ளிக்கூடத்தில் படித்த குடலுறிஞ்சிகள். இரும்பை உடம்பு முக்கியமாக உறிஞ்சுவது சிறுகுடலின் முதல் பகுதியில். சீலியாக் கைவைப்பதும் முதலில் அங்கேதான். வாசலே அடைபட்டிருக்கும்போது மாத்திரை மட்டும் எப்படி உள்ளே போகும்?

அடைபடும் விதம் கொஞ்சம் விசித்திரமானது. எந்தப் புரதத்தைத் தின்றாலும் நம் நொதிகள் அதைப் பொடிப்பொடியாக வெட்டிவிடும். குளூட்டனில் உள்ள க்ளையடினிடம் அந்த வேலை சரியாக நடப்பதில்லை. அதில் புரோலின் என்ற அமினோ அமிலம் நிறைய. அது வரும் இடங்களில் நொதியின் கத்தி இறங்காது. 33 அமினோ அமிலம் நீளமுள்ள ஒரு துண்டு வெட்டுப்படாமல் அப்படியே தப்பிப்பதை 2002இல் கண்டுபிடித்தார்கள். இது எல்லார் வயிற்றிலும் நடப்பதுதான், உங்கள் வயிற்றிலும். பெரும்பாலானோருக்குப் பாதகமில்லை.

சிலருக்கு அந்தத் துண்டு குடல் சுவரின் உள்ளே போய் டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதியிடம் சிக்குகிறது. காயம் ஆறும்போது திசுக்களைப் பிணைத்துக் கொடுப்பது அந்த நொதியின் வேலை. போகிற போக்கில் அது துண்டில் உள்ள குளூட்டமினைக் குளூட்டமிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. சின்ன மாற்றம்தான். ஆனால் டிகியூ2, டிகியூ8 என்ற மரபணு வகை உள்ளவர்களின் எதிர்ப்பு செல்களில் அந்தத் துண்டு பூட்டில் சாவிபோலப் பொருந்தி உட்கார இது போதும். டி செல்கள் அதைப் பார்த்து எதிரி என்று கூச்சல் போட, படை திரண்டு வந்து சொந்தக் குடலையே அடிக்கிறது. அந்த அப்பாவி நொதிக்கு எதிராகவும் எதிர்ப்பொருள் உருவாகிறது. ரத்தப் பரிசோதனையில் தேடுவது அதைத்தான். இழைகள் உதிர்ந்து துவாலை வழவழப்பான மேஜைத்துணி ஆகிவிடுகிறது. பால் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் இருப்பது இழைகளின் நுனியில். அதுவும் கூடவே போய்விடுவதால் சிலருக்குப் பாலும் ஒத்துக்கொள்ளாது. குடல் தேறினால் பால் திரும்ப ஒத்துக்கொள்வதும் உண்டு.

இந்த நோய்க்குக் குற்றவாளி கோதுமை என்று நிறுவியவர் வில்லெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம். ரொட்டி கிடைக்காத காலத்தில் ஊரே வாட, இந்த நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். ஏற்கெனவே கோதுமைமேல் சந்தேகம் வைத்திருந்த அவர், 1950இல் ஆய்வேடாகவே எழுதிவிட்டார்.

அக்கா மகளுக்கு ரத்தப் பரிசோதனை, அப்புறம் எண்டோஸ்கோப்பி செய்து குடலில் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். சந்தேகமே இல்லை, சீலியாக். அந்தக் கதையைக் கேட்டதும் எனக்கு ஒரு ஞானோதயம். எனக்கும்தான் வயிறு உப்புகிறது, மத்தியானமானால் பெல்ட்டைத் தளர்த்த வேண்டியிருக்கிறது; அப்படியானால் எனக்கும் குளூட்டன்தான்! அன்றைக்கே கோதுமையை விட்டேன். ஒரு மாதத்தில் பாதி சுகம். அப்புறம்தான் டாக்டரிடம் போனேன். அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

வரிசை மாறிவிட்டது. கோதுமையை நிறுத்தினால் எதிர்ப்பொருள் குறையும், குடல் ஆறத் தொடங்கும். பரிசோதனை 'ஒன்றுமில்லை' என்று பொய் சொல்லும். முதலில் சோதனை, பிறகு பத்தியம் என்பதை மாற்றவே கூடாது. எனக்குத் தண்டனை, சில வாரம் தினமும் சப்பாத்தி தின்றுவிட்டு மறுபடி ரத்தம் கொடுப்பது. ஒன்றுமில்லை என்றே வந்தது. சாப்பிட்ட சில நிமிடங்களில், அதிகம் போனால் ஓரிரு மணி நேரத்தில் தடிப்பு, மூச்சுத்திணறல் என்று வரும் கோதுமை ஒவ்வாமை வேறு சங்கதி. அதுவும் எனக்கு இல்லை.

நடுவில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் நல்ல காசு கொடுத்து 200 உணவுக்கு 'உணர்திறன்' பார்க்கும் சோதனையும் செய்தேன். தயிர், முட்டை, கடலைப்பருப்பு, கோதுமை எல்லாவற்றுக்கும் சிவப்பு மை. அது அளப்பது ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளை. ஒரு உணவை நீங்கள் அடிக்கடி சாப்பிடுகிறீர்கள் என்பதற்குத்தான் அது அடையாளம், ஒத்துக்கொள்ளாததற்கு அல்ல. ஒவ்வாமை மருத்துவச் சங்கங்கள் இதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்கின்றன. நான் என்ன சாப்பிடுகிறேன் என்று தெரிந்துகொள்ள என் மனைவியிடம் கேட்டிருந்தால் இலவசமாகச் சொல்லியிருப்பாள்.

அப்படியானால் கோதுமையை விட்டபோது பாதி சுகம் கிடைத்தது எப்படி? கோதுமையில் குளூட்டன் மட்டுமா இருக்கிறது, ஃபிரக்டான் என்ற சர்க்கரைச் சங்கிலியும் இருக்கிறது. அதை வெட்டும் நொதி மனிதர்கள் யாருக்கும் கிடையாது. அது பெருங்குடல்வரை போய் அங்கே பாக்டீரியாவுக்கு விருந்தாகிறது. விருந்து முடிந்தால் வாயு. குடல் கொஞ்சம் தொட்டாற்சிணுங்கியாக இருந்தால் வலி, உப்புசம். சேதம் எதுவும் இல்லை, அவஸ்தை மட்டும். 2018இல் நார்வேயில் சீலியாக் இல்லாமலே குளூட்டனைத் தவிர்த்துவந்த 59 பேருக்கு, எதில் என்ன இருக்கிறதென்று சொல்லாமல் மூன்று வகைத் தின்பண்டம் கொடுத்தார்கள்: ஒன்றில் குளூட்டன், ஒன்றில் ஃபிரக்டான், ஒன்றில் இரண்டுமில்லை. அதிகம் படுத்தியது ஃபிரக்டான். குளூட்டனுக்கும் வெறும் தின்பண்டத்துக்கும் சொல்லும்படி வித்தியாசமே இல்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு சின்ன சோதனை. எனக்குச் சொல்லாமல் மனைவி சில நாள் தோசைமாவில் மைதா கலந்து, காலண்டரின் பின்பக்கம் புள்ளி வைத்தாள். நான் வயிறு உப்பிய நாட்களைத் தனியாகக் குறித்தேன். மூன்று வாரம் கழித்து வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒத்துப்போகவில்லை. என் குறிகள் எல்லாம் சின்ன வெங்காய சாம்பார், பூண்டு ரசம் வைத்த நாட்களோடு நின்றன. ஃபிரக்டான் கோதுமையைவிட வெங்காயம், பூண்டில்தான் கொள்ளை கொள்ளையாக இருக்கிறது! பராத்தாவைக் குற்றம் சொல்லிக்கொண்டு சாம்பாரை இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றிக்கொண்டவன் நான்.

வெங்காயத்தை அடியோடு விடவும் தேவையில்லை. ஃபிரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பூண்டைத் தட்டி எண்ணெயில் வதக்கி வாசனை இறங்கியதும் வெளியே எடுத்துவிட்டால் எனக்குப் போதும். சாம்பாருக்கு வெங்காயத்துக்குப் பதில் பெருங்காயத்தைக் கொஞ்சம் தாராளமாகப் போட்டோம். இங்கே வெங்காயம், பூண்டு சேர்க்காத ஜைன வீடுகளில் காலங்காலமாக நடப்பதுதான்.

அந்தச் சாம்பாரைப் பெருமையாக அக்கா வீட்டுக்கு எடுத்துப் போனேன். அக்கா மகள் கிண்ணத்தைத் தொடவே இல்லை. "மாமா, பெருங்காய டப்பாவைத் திருப்பிப் படிச்சீங்களா?" என்றாள். படித்தேன். கடையில் நாம் வாங்குவது கூட்டுப் பெருங்காயம். அசல் பெருங்காயத்தின் நெடி தாங்காது என்பதால் பிசினும் மாவும் கலந்து மட்டுப்படுத்துகிறார்கள். பல டப்பாக்களில் அந்த மாவு கோதுமை. எனக்கு அந்தச் சிட்டிகை ஒன்றும் செய்யாது. அவள் கணக்கு வேறு. தினம் 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் போனாலே சீலியாக் உள்ளவர்களின் குடல் சேதமாகும் என்று ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. ஒரு சப்பாத்தியில் இருப்பது சுமாராக இரண்டரை கிராம். அதை 50 துண்டாகக் கிழித்தால் ஒரு துண்டு, அவ்வளவுதான் அவள் எல்லை. இந்தியச் சட்டப்படி 'குளூட்டன் இல்லாதது' என்று அச்சிட ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது.

ரவா தோசை, சேமியா, கோயில் கேசரி எல்லாம் அவளுக்கு இல்லை என்பது கேட்டதும் புரியும். தெருமுனைச் சக்கிதான், அதாவது மாவு மில்தான், புரியாத எதிரி. கேழ்வரகிலும் கம்பிலும் குளூட்டன் கிடையாது. ஆனால் கோதுமை அரைத்த அதே மில்லில் அரைத்தால் முதல் கிலோவோடு பழைய மாவும் வந்துவிடும். நவராத்திரி ஒன்பது நாளும் டெல்லிக் கடைகளில் விரதக்காரர்களுக்காகக் குட்டு (பக்வீட்) மாவும் குதிரைவாலியும் குவிந்து கிடக்கும். இரண்டிலும் குளூட்டன் இல்லை. அக்கா மூன்று மாதத்துக்கு வாங்கி வைப்பாள், எங்கே அரைத்தது என்று விசாரித்துவிட்டு.

பெருங்காயத்துக்குப் பழைய டெல்லியின் மசாலாச் சந்தையான காரி பாவ்லி போனோம். மசாலா நெடியில் தும்மிக்கொண்டே நாலு கடை ஏறி இறங்கி, மாவு கலக்காத பிசின் கட்டி ஒன்று வாங்கினோம். கடைக்காரர் மிளகளவு கிள்ளி வெந்நீரில் கரைத்துக் காட்டி, ஒரு குண்டான் பருப்புக்கு இது போதும், அதிகம் போட்டால் என்னைத் திட்டாதீர்கள் என்றார். அது இப்போது அக்கா வீட்டு அலமாரியில் மூன்று மூடிகளுக்குள் இருக்கிறது. அப்படியும் நெடி லிஃப்ட்வரை வருகிறது.