வால்யூம் ஸ்டேட்டஸ்: நீரிருப்பு

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிப் பக்கம் இரண்டு பேச்சு காதில் விழும். வாந்தியும் பேதியுமாய் வந்தவருக்கு "உடம்புல தண்ணி வத்திட்டு" என்பார்கள். கால் வீங்கி மூச்சு வாங்குபவருக்கு "நீர் கோத்துட்டு" என்பார்கள். இந்த இரண்டுக்கும் இடையில் நோயாளி எங்கே நிற்கிறார் என்பதைத்தான் மருத்துவர்கள் 'வால்யூம் ஸ்டேட்டஸ்' என்கிறார்கள்.

'வால்யூம்', சுருட்டுதலைக் குறிக்கும் லத்தீன் வினையில் பிறந்தது. முதலில் ஏட்டுச்சுருள், அப்புறம் புத்தகம், பிறகு புத்தகத்தின் பருமன், கடைசியில் எப்பொருளின் பருமனும். 'ஸ்டேட்டஸ்' நிற்பதிலிருந்து வந்தது, நம் 'நில்' 'நிலை' ஆவது போல.

சரி, தமிழில்? 'கன அளவு' பள்ளிக் கணக்குக்குப் பொருந்தும். படுக்கையருகில் உடம்பிலுள்ள நீரை யாரும் லிட்டர் கணக்கில் அளப்பதில்லை. 'நீர்ம நிலை' என்றால் திண்மம், நீர்மம், வாயு என்று இயற்பியலுக்குப் போய்விடும். பாபநாசம் அணைக்கு உச்ச மட்டம் 143 அடி. அதில் தண்ணீர் எவ்வளவு என்று பேசும்போது 'நீர் இருப்பு' என்கிறோம். போதுமா, பற்றாதா, மிஞ்சுகிறதா என்ற கேள்வி அந்த 'இருப்பு'க்குள்ளேயே இருக்கிறது. 'உடல் நீரிருப்பு' என்பதே என் தேர்வு.

அதைக் கணிக்க உதவும் ஸ்கேனுக்குப் 'படுக்கையருகு மீயொலி' என்று பெயர். 'மீ' என்றால் மேல். காது கேட்கும் எல்லையைத் தாண்டிய ஒலி. கல்லீரலை ஒட்டி இதயத்துக்கு ஏறும் பெரிய ரத்தக்குழாயான கீழ்ப்பெருஞ்சிரையை அதில் பார்ப்பார்கள். தானாக மூச்சு விடுபவருக்கு அது 2.1 சென்டிமீட்டருக்குள் இருந்து, மூக்கை உறிஞ்சும்போது பாதிக்கு மேல் சுருங்கினால், இதயத்தின் வலது மேலறையில் அழுத்தம் குறைவு. அதைவிட அகன்று, சுருங்காமல் நின்றால் அழுத்தம் அதிகம்.

ஆனால் அழுத்தம் வேறு, இருப்பு வேறு. தாமிரபரணி ஆற்றுக்குள் நிற்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலில் தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறது என்று பார்த்து வெள்ளத்தை மதிக்கிறோம். அது ஆற்றைச் சொல்லும், அணையைச் சொல்லாது. சிரையும் அப்படித்தான். வலது இதயம் தளர்ந்தவருக்கு நீர் கூடாமலே அது அகன்றிருக்கலாம். அதனால் நுரையீரலையும் பார்க்கிறார்கள். திரையில் மேலிருந்து கீழே இறங்கும் பளிச்சென்ற 'பி கோடுகள்' இரு பக்கமும் நிறையத் தெரிந்தால், அங்கே நீர் கோத்திருக்கக்கூடும். 'நீர் கோத்தல்' எவ்வளவு துல்லியமான சொல்! கலைச்சொல் அகராதியில் அதற்கு இடம் வேண்டும்.

"குளுக்கோஸ் ஏத்தலையா டாக்டர்?" என்று கவலையோடு கேட்கும் வீட்டாரிடம் வால்யூம் ஓவர்லோடு என்றால் விழிப்பார்கள். "நீரிருப்பு ஏற்கெனவே கூடுதலா இருக்கும்மா, இன்னும் ஏத்தினா நெஞ்சுல நீர் கோத்துரும்" என்றால் புரிந்துகொள்வார்கள்.