லைஃப் ஜாக்கெட் படகில் இருந்தால் போதுமா?

கயாக், கனூ போன்ற துடுப்புப் படகுகளில் என்னென்ன இருக்க வேண்டும் என்று கனடாவின் சிறுபடகு விதிமுறைகள் சொல்கின்றன. 6 மீட்டருக்கு மேற்படாத படகு என்றால் பட்டியல் சிறியதுதான். ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், குறைந்தது 15 மீட்டர் நீளமுள்ள மிதக்கும் கயிறு, தண்ணீர் இறைக்க ஒரு பாத்திரம் அல்லது கைப்பம்பு, ஒரு விசில். இருட்டிவிட்டால் விளக்கும் வேண்டும்.

இந்தப் பட்டியலில் எனக்கு உறுத்தும் இடம் ஒன்று உண்டு. ஜாக்கெட் படகில் இருக்க வேண்டும் என்றுதான் அது கேட்கிறது. பெரியவர்கள் அதைப் போட்டிருக்க வேண்டும் என்று சொல்வதில்லை. ஆனால் தண்ணீரில் விழுந்த உடலுக்கு என்ன நேர்கிறது என்று பார்த்தால், போட்டிராத ஜாக்கெட்டால் ஏறக்குறைய பயனே இல்லை.

நம் உடலின் அடர்த்தி கிட்டத்தட்ட தண்ணீரின் அடர்த்திதான். மூச்சை நிறைய இழுத்தால் மிதப்போம், விட்டால் மெல்ல அமிழ்வோம். சிக்கல் தலையால் வருகிறது. நாலைந்து கிலோ எடையுள்ள தலையை நீருக்கு வெளியே வைத்தால், அந்த எடையைத் தண்ணீர் தாங்காது. கைகால்களை அடித்துத்தான் தாங்க வேண்டும். அந்த உழைப்பை ஜாக்கெட் ஏற்றுக்கொள்கிறது. பெரியவர்களுக்கான சாதாரண மிதவை ஜாக்கெட்டின் மிதப்பு விசை சுமார் 69 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 7 கிலோ எடையைத் தாங்கும் அளவு. உள்ளே இருக்கும் நுரைப்பொருளின் காற்றறைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே மூடியவை. அதனால் தண்ணீர் ஊறாது, ஓரிடத்தில் கிழிந்தாலும் மற்ற இடம் மிதக்கும்.

இனி குளிர். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் மே மாத வெயில் சுள்ளென்று அடிக்கும். அண்மையில்தான் பனி உருகிய ஏரியோ 10 டிகிரிக்கும் கீழே இருக்கக்கூடும். அதில் விழுந்தவுடன் நம்மையும் மீறி வாய் திறந்து பெரிதாக ஒரு மூச்சை உள்ளிழுப்போம். அந்த நொடியில் தலை நீருக்கடியில் இருந்தால் உள்ளே போவது தண்ணீர். மானிடோபா பல்கலைக்கழக ஆய்வாளர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதை 1-10-1 என்று சுருக்கினார். மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால்கள் சொன்னபடி கேட்பது 10 நிமிடம் வரைதான், உடல் குளிர்ந்து நினைவு தப்ப 1 மணி நேரம். குளிரில் விறைத்துத்தான் சாவார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். ஜாக்கெட் போடாதவர்களில் பலர் அந்த ஒரு மணி நேரத்தை எட்டுவதே இல்லை.

விழுந்த பிறகு போட்டுக்கொள்ளலாமே என்றால், ரத்தம் கைகளை விட்டு உடலின் நடுப்பகுதிக்கு ஒதுங்கும்போது விரல்களால் பக்கிளை மாட்டக்கூட முடியாது. காற்றடித்தால் காலிப் படகும் அதிலுள்ள ஜாக்கெட்டும் நம்மைவிட வேகமாக விலகிப் போகும்.

மற்றவற்றுக்கும் காரணம் உண்டு. கயிறு பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீனால் ஆனது. அது தண்ணீரைவிட லேசு என்பதால் மேலேயே கிடக்கும், தத்தளிப்பவர் எட்டிப் பிடிக்கலாம். நைலான் கயிறு மூழ்கிவிடும். படகுக்குள் தேங்கிய தண்ணீர், படகு சாயும் பக்கமே ஓடி இன்னும் சாய்க்கும். அதனால்தான் இறைக்கும் பாத்திரம். விசிலில் உள்ளே உருளும் குண்டு இல்லாத வகையே நல்லது, நனைந்தாலும் அடைக்காது. ஹாமில்டன் நகரக் கூடைப்பந்து நடுவர் ரான் ஃபாக்ஸ்கிராஃப்ட், ஆட்டத்தின் நடுவே குண்டு சிக்கி விசில் ஊதாமல் போனதால், குண்டே இல்லாத ஃபாக்ஸ் 40 விசிலை 1987-இல் கொண்டுவந்தார். இன்று பல லைஃப் ஜாக்கெட்டுகளில் அது தொங்குகிறது.

ஜாக்கெட்டின் அளவு சரியா என்று கரையிலேயே பார்த்துவிடலாம். எல்லாப் பட்டைகளையும் இறுக்கியபின், தோள்பட்டையைப் பிடித்து ஒருவர் மேலே தூக்கட்டும். ஜாக்கெட் காது வரை ஏறினால் அது பெரிது; தண்ணீரில் அது மட்டும் மேலே மிதக்கும், ஆள் கீழே நழுவிவிடுவார். குழந்தைகளுக்குத் தொடைகளுக்கு இடையே மாட்டும் பட்டையும் இருக்கட்டும்.