தும்புத்தடியை முதல்ல கீழ வையுங்கோ

கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு ஒஃபிஸ்ல கவர் ஒண்டை உடைக்க வெள்ளைப் பவுடர் மேசை முழுக்கக் கொட்டிட்டுது. நான் போய்ச் சேர முன்னமே கூட்டுற அக்கா தும்புத்தடியால கூட்டி, ஈரத்துணியால துடைச்சு, தரை காயட்டும் எண்டு ஃபேனையும் போட்டு விட்டிருக்கிறா. லேப்ல பார்த்தா கோதுமை மா. எல்லாரும் சிரிச்சாங்க, எனக்குச் சிரிப்பு வரேல்ல.

அது அந்த்ராக்ஸா, அதாவது ஆளைக் கொல்லுற கிருமிப் பவுடரா இருந்திருந்தா ஒரு மேசையோட முடிய வேண்டிய வேலை அந்த ஃபேனால முழு மாடியும் ஆகியிருக்கும். பிளேக் கிருமி எண்டா வெயில் பட்டாலும் காஞ்சு போனாலும் கெதியா செத்துடும், சில இடத்தில பூட்டிட்டு இருந்தாலே காணும். அந்த்ராக்ஸ் ஸ்போர், அதாவது கடினமான ஓட்டுக்குள்ள உறங்கிற கிருமி, அப்பிடியில்ல. 1942ல பிரிட்டிஷ்காரர் அந்த்ராக்ஸ் குண்டு போட்டு டெஸ்ட் பண்ணின ஸ்கொட்லாந்தின்ட குருயினார்ட் தீவுக்கு 1986ல கிருமி கொல்லுற ஃபோர்மல்டிஹைட் கரைசல் 280 டொன்னைக் கடல் தண்ணியில கலந்து அடிச்சு, 1990ல தான் ஆக்கள் போகலாம் எண்டு விட்டாங்க. அதால என்ன கிருமி எண்டு தெரியாம குளோரின் வாளியைத் தூக்கிறதில அர்த்தமில்ல.

2001ல அமெரிக்காவில அந்த்ராக்ஸ் பவுடரோட வந்த கடிதங்களால 22 பேருக்கு வருத்தம், 5 பேர் செத்தவை. வாஷிங்டன்ல செனட்டர்மாரின்ட ஒஃபிஸ் இருக்கிற ஹார்ட் கட்டடம் மூண்டு மாசத்தில திறந்துட்டுது, ஆனா அதே கடிதங்கள் போன பிரென்ட்வுட் தபால் நிலையம், ரெண்டு தொழிலாளி செத்த இடம், ரெண்டு வருசத்துக்கு மேல பூட்டிக் கிடந்தது, ஏனெண்டா அவ்வளவு பெரிய இடம், உள்ளுக்கு முழுக்க கடிதம் பிரிக்கிற மெஷின். அங்க அடிச்சது குளோரின் டயொக்சைட் கேஸ். அதுக்கு 75 சதவீதமளவு ஈரப்பதம் வேணும், அது மட்டும் கொழும்பில ஓசியா கிடைக்கும்! ஆனா கேஸ் வெளிய போகாம அடைக்கோணுமே, புறக்கோட்டைப் பழைய கடைகளின்ட பலகைச் சீலிங்கை எப்பிடி அடைக்கிறது? அப்ப சாமானைப் பிரிக்கோணும்: கார்பெட்டை எரிக்கலாம், காணி உறுதியை எரிக்கேலாது, அதை வேறயா எடுத்து கேஸ் போடோணும். கடைசியில திரும்ப சாம்பிள் எடுத்து, ஒண்டில கூட கிருமி முளைக்காட்டித்தான் கதவைத் திறக்கலாம்.

இதெல்லாம் எங்கட தலையிடி. உங்கட வேலை சின்னது. பவுடரைத் தொடாதீங்கோ, ஃபேன், ஏசி ரெண்டையும் நிப்பாட்டிட்டு கதவைச் சாத்திட்டு வெளிய வாங்கோ, சோப் போட்டு கை கழுவுங்கோ, 119க்கு அடியுங்கோ. உள்ளுக்கு நிண்ட எல்லார்ட பேரையும் எழுதி வையுங்கோ. அண்டைக்கு அந்த ஒஃபிஸ் எனக்குத் தந்த லிஸ்ட்ல மனேஜர்ல இருந்து டிரைவர் வரைக்கும் இருந்தாங்க, கூட்டின அக்காட பேர் மட்டும் இல்ல.